வயசான நாய்க்கு வைத்தியம்: எவ்வளவு தூரம் போகலாம்?

(நமது பழைய மாணவர் சங்கக் குடும்ப சந்திப்பில், 1969–70 புகுமுக வகுப்பு மாணவரும் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவருமான நம் உறுப்பினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புகுமுக வகுப்பில் தவளையை அறுக்கச் சொன்ன அன்று, தவளை ஓடுவதற்கு முன்னால் நான் ஆய்வுக்கூடத்தை விட்டு ஓடிவிட்டேன். இந்த வயதிலும் நம் அழைப்பை ஏற்று முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் எங்கள் விலங்கியல் பேராசிரியர் ஐயாதான் காதைப் பிடித்து இழுத்து வந்தார். அப்படிப்பட்டவன் அடுத்த வருடமே சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரியில் போய்ச் சேர்ந்தேன். 1903-ல் சைதாப்பேட்டையில் ஆரம்பித்த பழம்பெரும் கல்லூரி அது. அதன் பிறகு 35 வருடம் அரசு கால்நடை மருந்தகங்களில் வேலை. ஓய்வுக்குப் பின் வீட்டு முன்னறையில் சின்னதாக ஒரு கிளினிக். ஐயா, நீங்கள் பிடித்து இழுத்த காது வீண்போகவில்லை.

செயலாளர் என்னைப் பேசச் சொன்னபோது, "உபயோகமா ஏதாவது பேசுடா. சர்க்கரை, மூட்டுவலி, உயில் எழுதுறது எல்லாம் போன வருஷங்கள்லயே பேசியாச்சு" என்றார். பேச வேண்டிய விஷயத்தை நம் நண்பர் ஒருவரே எடுத்துக் கொடுத்துவிட்டார். அவர் இதே மண்டபத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். பெயரைச் சொல்லக் கூடாது, மற்றதை எல்லாம் சொல்லலாம் என்று அனுமதி தந்திருக்கிறார்.

ஒருநாள் ராத்திரி பத்தரை மணி. போன். "டேய், சீசர் சாயங்காலம் திடீர்னு விழுந்துட்டாண்டா. ஈறெல்லாம் வெளுத்துப் போச்சு. ஸ்கேன் பண்ணினதுல மண்ணீரல்ல கட்டி, அது உடைஞ்சு வயித்துக்குள்ள ரத்தம் கசியுதுன்னு சொல்றாங்க. ஆபரேஷன், ரத்தம் ஏத்தறது, ஆஸ்பத்திரில வெச்சுப் பார்க்கறது எல்லாம் சேர்த்து எண்பதாயிரத்துக்கு மேல ஆகுமாம். அவனுக்கு 12 வயசு. பண்ணலாமா, வேண்டாமா? காலைல ஏழு மணிக்குள்ள சொல்லணுமாம்."

சீசர் ஓர் அல்சேஷன் நாய். அவர் பையன் வாங்கி வளர்த்தது. பையன் வெளிநாடு போனான், நாய் அப்பா அம்மாவிடம் தங்கிவிட்டது. இங்கே எத்தனை வீட்டில் இதே கதை என்று கையைத் தூக்கச் சொன்னால் பாதி மண்டபம் தூக்கும். பிள்ளைகள் போன வீட்டில் காலையில் நம்மை எழுப்புவதற்கும், சாயங்காலம் நடக்கக் கூட்டிக்கொண்டு போவதற்கும் அந்த ஜீவன்தான் இருக்கிறது. அதற்கு ஒன்று என்றால் வயசான காலத்தில் நமக்குக் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை.

நான் முதலில் வேலை பார்த்த கிராமங்களில் இந்தக் கேள்வி இப்படி வராது. கறவை மாட்டுக்குச் சீக்கு என்றால் விவசாயி திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போடுவார். எத்தனை ஈற்று ஈன்றிருக்கிறது, இன்னும் எத்தனை ஈனும், வாங்கிய கடனில் எவ்வளவு பாக்கி, மருந்துக்கு எவ்வளவு. "டாக்டரய்யா, கட்டுப்படி ஆகுமா?" என்று கேட்பார். அதிலும் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் கணக்கு கண்ணுக்குத் தெரியும். நாய்க்கும் பூனைக்கும் அப்படிக் கணக்கு கிடையாது. அது நமக்குச் சம்பாதித்துக் கொடுத்தது எதுவும் நோட்டுப் புத்தகத்தில் ஏறியதில்லை. ஆகவே செலவு செய்தாலும் "ஒரு நாய்க்குப் போயா?" என்று நாலு பேர் கேட்பார்கள். செய்யாவிட்டால் நம் மனசு கேட்கும்.

இந்த விஷயத்தில் நானே இரண்டு தப்புச் செய்திருக்கிறேன். ஒன்றுக்கொன்று நேர் எதிரான தப்புகள். அவற்றைச் சொன்னாலே போதும், என் பேச்சு முடிந்துவிடும்.

முதல் தப்பு. கிளினிக் ஆரம்பித்த புதிது. ஓர் ஆட்டோ டிரைவர், தன் சம்சாரத்தோடு ஒரு பொமரேனியன் பெண் நாயைத் துண்டில் சுற்றித் தூக்கி வந்தார். வயசு 11. நாலு நாளாகச் சாப்பிடவில்லை, குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறது, வாந்தி, வயிறு உப்பல். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, கர்ப்பப்பையில் சீழ். குட்டி போடாத, கருத்தடை செய்யாத வயசான பெண் நாய்களுக்கு, பருவத்துக்கு வந்து ஓரிரு மாதத்துக்குள் வரக்கூடிய வியாதி. இதற்கு வைத்தியம் ஆபரேஷன்தான். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அதன் பிறகு அந்த வியாதி திரும்ப வருவதற்கு இடமே இல்லை.

நான் என்ன செய்தேன்? அந்த மனிதரின் காக்கிச் சட்டையைப் பார்த்தேன். நாயின் வயசைப் பார்த்தேன். "11 வயசு ஆச்சுப்பா. இனிமே எதுக்கு இதுக்குச் செலவு பண்ணிக்கிட்டு? வீட்டுக்குக் கொண்டு போங்க" என்று சொல்லி, வாந்திக்கு ஒரு ஊசி மட்டும் போட்டு அனுப்பினேன். அவர்களுக்கு உதவி செய்ததாகவே அன்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் நாள் நாய் செத்துப்போனது.

மாதங்கள் கழித்து அவர் ஆட்டோவில் ஏற நேர்ந்தது. இறங்கும்போது கேட்டார். "சார், அன்னிக்கு ஆபரேஷன்னு ஒண்ணு உண்டாமே? பக்கத்துத் தெருவுல ஒரு நாய்க்குப் பண்ணி நல்லா இருக்குது. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் சம்சாரம் சங்கிலியை வெச்சாவது பண்ணியிருக்கும் சார்." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மீதிச் சில்லறையை எண்ணிக் கையில் வைத்துவிட்டுப் போனார்.

அவர் செய்திருக்க வேண்டுமா, செய்திருக்கக் கூடாதா என்பது வேறு விஷயம். அந்த முடிவு அவருடையது. அதை அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன். அன்று கற்றுக்கொண்ட பாடம், வயசு ஒரு வியாதி அல்ல. 11 வயசு நாய்க்கு மயக்க மருந்து கொடுக்கலாமா என்பதை ரத்தப் பரிசோதனையும் இருதயமும் கிட்னியும்தான் சொல்ல வேண்டும். பிறந்த வருடம் மட்டும் சொல்லிவிடாது. ஆகவே உங்களிடம் யாராவது, "வயசாச்சு, விட்டுடுங்க" என்று ஒரே வரியில் சொன்னால், "டாக்டர், என்ன வியாதின்னு முதல்ல சொல்லுங்க" என்று கேளுங்கள்.

இரண்டாவது தப்பு என் வீட்டிலேயே நடந்தது. எங்கள் ராணி, நாட்டு நாய். மருந்தக வாசலில் குட்டியாகக் கிடந்ததை எடுத்து வந்தேன். 13 வயசில் கிட்னி கெட்டது. நாயின் ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறும் நேரத்தில் சிறுநீரகத்தின் வேலைத்திறனில் முக்கால் பங்கு போயிருக்கும். போனது திரும்பாது. எலிக்காய்ச்சல் போன்றவற்றால் திடீரெனக் கிட்னி நின்றால், டயாலிசிஸ் செய்து கிட்னி தேறும் வரை நாயைத் தாங்கிப் பிடிக்கலாம். இப்போது வேப்பேரியில் நாய்களுக்கும் டயாலிசிஸ் செய்கிறார்கள். ஆனால் வருடக்கணக்கில் தேய்ந்துபோன கிட்னிக்கு அது தீர்வு ஆகாது. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? மற்றவர்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

முதல் ஐந்து மாதம் நன்றாகவே போனது. சாப்பாட்டை மாற்றினோம், குமட்டலுக்கு மாத்திரை, தோலுக்கடியில் சலைன். அந்த ஐந்து மாதத்துக்குச் செலவழித்த ஒரு ரூபாய்க்கும் நான் வருத்தப்படவில்லை. ராணி வாசலில் படுத்துக்கொண்டு பால்காரரைப் பார்த்துக் குரைத்தாள். அதுதான் அவள் உத்தியோகம், அதை ஒழுங்காகப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு வந்த மூன்று வாரம்தான் தப்பு. சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்வாள். வாயெல்லாம் புண். எழுந்து வாசலுக்குப் போக முடியாமல் இருந்த இடத்திலேயே சிறுநீர் போய்விட்டு, தப்புச் செய்த மாதிரி என்னைப் பார்ப்பாள். நான் தினமும் இரண்டு வேளை டிரிப் ஏற்றினேன். என் மகள் லீவு போட்டு வருவதாகச் சொல்லியிருந்தாள். அவள் வரும்வரை எப்படியாவது வைத்திருக்க வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். ஒருநாள் ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் மூன்றாவது தடவை குத்தியபோது, ராணி காலை இழுத்துக்கொண்டாள். என் மனைவி சொன்னாள்: "ஏங்க, இது யாருக்குங்க வைத்தியம்? அவளுக்கா, நமக்கா?"

35 வருட அனுபவத்துக்கு அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. அன்றைக்கே என் மாணவர் ஒருவரைக் கூப்பிட்டு ராணியைத் தூங்க வைத்தேன். என் கையால் செய்ய முடியவில்லை. மகள் இரண்டு நாள் கழித்து வந்து, "அப்பா, எனக்காகவா இத்தனை நாள் வெச்சிருந்தீங்க? ஏன்ப்பா?" என்றுதான் கேட்டாள்.

ஆக, முதல் தப்பில் பிழைக்கக்கூடிய நாயை வயசைக் காட்டி விட்டுவிட்டேன். இரண்டாவதில் பிழைக்க முடியாத நாயைப் பாசத்தைக் காட்டிப் பிடித்து வைத்துக்கொண்டேன். இரண்டிலும் நாயைப் பார்க்கவில்லை என்பதுதான் பொது.

இதிலிருந்து நான் வைத்துக்கொண்ட கேள்விகள் நாலு. எழுதி வைத்துக்கொள்ளுங்கள், டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

1. என்ன வியாதி, அது எவ்வளவு நிச்சயம்? சந்தேகம் என்றால் அதை உறுதி செய்ய என்ன பரிசோதனை, என்ன செலவு?

2. வைத்தியம் செய்தால் எத்தனை காலம் கிடைக்கும், அந்தக் காலம் எப்படி இருக்கும்? "காப்பாத்திடலாம்" என்ற பதில் போதாது. நடக்குமா, தானாகச் சாப்பிடுமா, எத்தனை நாள் ஆஸ்பத்திரிக் கூண்டில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள்.

3. ஒன்றுமே செய்யாவிட்டால் என்ன ஆகும்? வலி இருக்குமா? வலியை மட்டும் அடக்கி வீட்டிலேயே வைத்துக்கொள்ள வழி உண்டா?

4. மொத்தச் செலவு எவ்வளவு? ஆபரேஷன் பில் மட்டும் இல்லை. அதற்குப் பின்னால் மாத்திரை, பரிசோதனை, போக்குவரத்து எல்லாம் சேர்த்து.

இந்த நாலையும் கேட்டால், பெரிய பெயருள்ள வியாதி எல்லாம் பெரிய செலவு இல்லை என்பதும் தெரியும். நாய்களுக்குப் பிறப்புறுப்பில் ஒருவகைப் புற்றுநோய்க் கட்டி வரும், நம் ஊர்களில் சாதாரணம். கட்டி என்றதுமே வீட்டில் அழ ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால் வாரம் ஒரு ஊசி வீதம் சில வாரம் போட்டால் பெரும்பாலும் கரைந்தே போய்விடும். அந்த மருந்தின் பெயர் வின்கிரிஸ்டின். அது நம் வீட்டு வேலி ஓரத்தில் பூக்கிற நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பது. அதே மாதிரி, "சாப்பிடவே மாட்டேங்குது, இனிமே அவ்வளவுதான்" என்று கொண்டு வருகிற கிழட்டு நாய்க்குச் சொத்தைப் பல் மட்டும் காரணமாக இருக்கும். பல்லைப் பிடுங்கினால் மறுவாரம் மட்டன் எலும்பு கேட்கும்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. நம்மில் பலருக்கு பென்ஷன்தான் வருமானம். அடுத்த மாதம் நமக்கே கண் ஆபரேஷன் இருக்கலாம். முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பணம் இல்லை என்பதற்குப் பாசம் இல்லை என்று அர்த்தம் கிடையாது. கடன் வாங்கித்தான் நாயின் மேல் உள்ள அன்பை நிரூபிக்க வேண்டும் என்று எந்த நாயும் கேட்பதில்லை. வீட்டில் பெரியவர்கள் உட்கார்ந்து, இவ்வளவுதான் நம்மால் முடியும் என்று ஒரு தொகையை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில், அழுதுகொண்டே, நடு ராத்திரியில் போடுகிற கணக்கு சரியாக வராது. டாக்டரிடமும் அந்தத் தொகையைச் சொல்லிவிடலாம், வெட்கம் வேண்டாம். "இதுக்குள்ள என்ன சிறப்பா செய்ய முடியுமோ செய்யுங்க" என்றால் நல்ல டாக்டர் ஒரு வழி காட்டுவார். அரசு மருந்தகங்களையும் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளையும் மறந்துவிடாதீர்கள்.

செய்வதற்கும் செய்யாமல் விடுவதற்கும் நடுவில் ஒரு பாதை உண்டு. வலிக்கு முறையான மருந்து, மெத்தென்ற படுக்கை, வழுக்காத தரை, கைக்கு எட்டும் இடத்தில் தண்ணீர். இதுவும் வைத்தியம்தான். ஆனால் ஒன்று. உங்கள் மூட்டுவலி மாத்திரையை உடைத்து நாய்க்குக் கொடுக்காதீர்கள். நாம் சாப்பிடும் புரூஃபன் நாயின் வயிற்றையும் கிட்னியையும் கெடுக்கும். பாரசிட்டமால் ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

எப்போது போதும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஏழு விஷயத்தைப் பார்க்கச் சொல்கிறார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்பது. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மார்க் போடுவது. நமக்கு மார்க் என்றாலே இன்னும் பயம்! ஆகவே நான் சுலபமாகச் சொல்கிறேன். வீட்டில் தினசரி காலண்டர் கிழிப்பீர்கள் இல்லையா? கிழிக்கும்போது அந்தத் தாளில், நேற்று அதற்கு நல்ல நாளா, கெட்ட நாளா என்று ஒரு குறி போட்டு எடுத்து வையுங்கள். அது ஆசைப்பட்டுச் செய்கிற மூன்று காரியம், வாசலில் படுப்பது, சாவிச் சத்தம் கேட்டால் வாலாட்டுவது, தயிர்சாதம் என்றால் எழுந்து வருவது, இப்படி எதையாவது மூன்றை வைத்துக்கொள்ளுங்கள். கெட்ட தாள்கள் அதிகமானால், அந்த மூன்றும் நின்றுபோனால், நாயே சொல்லிவிட்டது என்று அர்த்தம்.

அப்போது தூங்க வைப்பது பாவமா என்று கேட்பார்கள். அவரவர் நம்பிக்கையில் நான் தலையிடுவதில்லை. நடப்பதை மட்டும் சொல்கிறேன். முதலில் அமைதிப்படுத்த ஓர் ஊசி. பிறகு நரம்பில் மயக்க மருந்தை அதிக அளவில் செலுத்துவோம். சில நொடியில் நினைவு போய்விடும், சில நிமிடத்தில் இருதயம் நிற்கும். கண் மூடாது, ஒரு பெருமூச்சு மாதிரி வரலாம், அது வலி இல்லை. முடிந்தால் பக்கத்தில் இருங்கள். கடைசியாக அது தேடுவது உங்கள் முகத்தைத்தான்.

பாவம் என்று நான் நினைப்பது வேறு ஒன்று. முடியாமல் போன நாயை ராத்திரியோடு ராத்திரியாக எங்காவது இறக்கிவிட்டு வருவது. பட்டினியிலும் தாகத்திலும் தவிக்கும்படி பிராணியைக் கைவிடுவது 1960-ம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. அந்தச் சட்டம் வரக் காரணமாக மாநிலங்களவையில் முதலில் மசோதா கொண்டு வந்தவர் நம் கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல் அவர்கள்.

இனி சீசர் கதைக்கு வருகிறேன். அன்று ராத்திரி நம் நண்பரிடம் நான் முடிவு சொல்லவில்லை. நாலு கேள்வியையும் சொல்லி, ஆஸ்பத்திரி டாக்டரிடம் கேட்கச் சொன்னேன். மண்ணீரல் கட்டியில் சாதாரணக் கட்டியும் உண்டு. அப்படி இருந்தால் எடுத்துவிட்டுப் பல வருடம் வாழலாம். ஆனால் சீசருக்கு ஸ்கேனில் ஈரலிலும் புள்ளிகள் தெரிந்தன. ரத்தக்குழாய்ப் புற்றுநோயாகத்தான் இருக்கும் என்று டாக்டர் நேர்மையாகச் சொன்னார். பரவாத நிலையிலேயே அந்த நோய்க்கு ஆபரேஷன் மட்டும் செய்தால் கிடைப்பது பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம். ஊசி மருந்தும் சேர்த்தால் இன்னும் சில மாதம். பரவிய பின் அதுவும் நிச்சயமில்லை.

காலை ஆறரைக்கு நண்பர் கூப்பிட்டார். "டேய், வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். பையன்கிட்டயும் பேசியாச்சு. அவன் பணம் அனுப்பறேன்னுதான் சொன்னான். பணம் பிரச்சினை இல்லடா. அந்த ரெண்டு மாசத்துல பாதியை அவன் கூண்டுலயும் கட்டோடயும் கழிக்கணும். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம். எந்த நேரமும் மறுபடி கசியலாம்னு தெரியும். அப்படி ஆனா நீ உடனே வந்துடணும்."

சீசர் ஒன்பது நாள் இருந்தான். தாழ்வாரத்தில் நண்பரும் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டார். பேரன் வீடியோவில் "சீசர்!" என்று கூப்பிட்டால் காது நிமிரும். ஒன்பதாம் நாள் விடிகாலை ஈறு மறுபடி வெளுத்தது. நான் போனேன். அம்மா மடியில் தலையை வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தான். கொல்லையில் மாமரத்தடியில் ஆழமாகக் குழி வெட்டி அடக்கம் செய்தோம்.

ஒருவேளை வேறு குடும்பம் ஆபரேஷன் செய்திருக்கும். அதையும் தப்பு என்று சொல்ல மாட்டேன். விசாரித்து, நாயைப் பார்த்து, தங்கள் நிலைமையையும் பார்த்து எடுத்த முடிவு என்றால் இரண்டுமே சரிதான். முடிவெடுத்த பிறகு, "அப்படிச் செய்திருக்கலாமோ" என்று வருடக்கணக்கில் உங்களையே வதைத்துக்கொள்ளாதீர்கள். நாய்க்கு அடுத்த வருடத்தைப் பற்றிய கவலை கிடையாது. இன்றைக்கு வலி இருக்கிறதா, இன்றைக்கு நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்களா, இவ்வளவுதான் அதன் கணக்கு. நம் கணக்கையும் அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

சாப்பாட்டு மணி அடிக்கப் போகிறது, செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஹாஸ்டலில் மணி அடித்ததும் நாம் ஓடிய ஓட்டம் இப்போது முடியாது, மெதுவாகவே போவோம். வீட்டில் வயசான நாயோ பூனையோ இருக்கிறவர்கள், இன்று ஊர் திரும்பியதும் ஒரு தடவை அதைத் தடவிப் பாருங்கள், வாயைத் திறந்து பாருங்கள், கட்டி கிட்டி இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் என்றால் இந்த மலரின் உறுப்பினர் முகவரிப் பகுதியில் என் தொலைபேசி எண் இருக்கிறது. ராத்திரி பத்தரைக்குக் கூப்பிட்டாலும் எடுப்பேன்.